தன் மனையில் தொழில்: அடுத்த வீட்டாருக்கு அதில் என்ன பங்கு?

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நிற்கும் மரக் கொட்டகையையோ, கார் நிறுத்தாமல் வெறுமனே கிடக்கும் கராஜையோ அலுவலகமாக மாற்ற நினைப்பவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டடத்தில் என்ன மாறுகிறது என்பது ஒன்று. அங்கே இனி என்ன நடக்கப்போகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்வியை அளவு நாடா தீர்த்துவிடும். இரண்டாவது கேள்வி அப்படி எளிதில் அடங்காது. சொத்து ஒருவருடையது என்றால் என்ன பொருள், வீடு எந்த இடத்தில் வீடாக இருப்பதை நிறுத்துகிறது, ஒருவர் தன் சுவருக்குள் பார்க்கும் வேலையில் அடுத்த வீட்டாருக்கு என்ன பங்கு என்று மத நூல்களும் தத்துவவாதிகளும் நெடுங்காலமாக வாதிட்டுவரும் இடத்துக்கு அது கொண்டுபோய் விடுகிறது.

கட்டட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990-ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டச் சட்டத்தில் 55-ஆம் பிரிவுதான் அனுமதி எதற்குத் தேவை என்பதை வரையறுக்கிறது. வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத உட்புற வேலைகள் அதற்குள் வராது. ஆகவே கொட்டகைக்குள் குளிர்தாங்கும் பலகை அடிப்பதற்கும் மேசை போடுவதற்கும் திட்ட அனுமதி தேவையில்லை. புதிதாகக் கட்டினாலும், ஒரே தளமாக, கூரை விளிம்பு 2.5 மீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். எல்லை வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் நின்றால் மொத்த உயரமே 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. மூல வீடு நிற்கும் இடம் போக மீதி மனையில் பாதிக்கு மேல் கட்டடங்கள் மூடிவிடக் கூடாது. இவையும் இன்னும் சில நிபந்தனைகளும் நிறைவேறினால், இத்தகைய வேலைகளுக்கு அரசு பிறப்பித்த பொது ஆணையே அனுமதி தந்துவிட்டதாகக் கணக்கு. பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டின் மனைக்கு இந்தச் சலுகை கிடையாது.

பயன்பாட்டைப் பற்றி அதே பிரிவு சொல்வதுதான் நுட்பமானது. வீட்டு மனைக்குள் இருக்கும் கட்டடத்தை, அந்த வீட்டை வீடாக அனுபவிப்பதற்குத் துணையான காரியத்துக்குப் பயன்படுத்தினால் அது மாற்றமே அல்ல. அதற்கு அப்பால் போய், மனையின் இயல்பையே குறிப்பிடத்தக்க அளவில் மாற்றும் பயன்பாடு என்றால் அனுமதி வேண்டும். எந்த அளவு குறிப்பிடத்தக்கது? சட்டம் எண் எதையும் தரவில்லை. அனுமதியை முடிவு செய்யும் உள்ளூர் கவுன்சில்கள் வழக்கமாகச் சில கேள்விகளை வைத்துப் பார்க்கின்றன. இடம் இனியும் முதன்மையாகக் குடியிருப்பாகவே இருக்குமா? வருகிற ஆட்களும் வண்டிகளும் கண்ணில் படும் அளவுக்குக் கூடுமா? குடியிருப்புப் பகுதிக்கு ஒவ்வாத காரியம் ஏதும் நடக்குமா? வேளைகெட்ட வேளையில் சத்தமோ, வாடையோ அடுத்தவரைத் தொந்தரவு செய்யுமா? இவற்றில் எந்தக் கேள்வியும் வேலையைப் பற்றியது அல்ல. வேலை வேலிக்கு வெளியே என்ன செய்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவின் கொட்டகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் அயோட் செயின்ட் லாரன்ஸ் கிராமத்தில் அவர் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் இருந்த சிறு மரக் குடில் அது. வெயில் வரும் பக்கமெல்லாம் திருப்பிக்கொள்ளும்படி சுழல்மேடை ஒன்றின் மேல் அமைத்திருந்தார்கள். உள்ளே மேசை, டைப்ரைட்டர், ஒரு கட்டில், வீட்டோடு பேசிக்கொள்ள டெலிபோன். குடிலுக்கு 'லண்டன்' என்று பெயர் வைத்திருந்தார். தேடி வருபவர்களிடம் அவர் லண்டனில் இருக்கிறார் என்று பொய் இல்லாமலே சொல்லியனுப்பலாம். உலகமெங்கும் மேடையேறிய நாடகங்களை எழுதிப் பெரும் வருமானம் ஈட்டியவரின் பணியிடம் அது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அலுவலகம்தான். ஆனாலும் வீட்டோடு சேர்ந்த ஒன்றாகவே அதை யாரும் பார்ப்பார்கள். அங்கே யாரும் வருவதில்லை. வரக் கூடாது என்பதற்காகவே ஏற்பட்ட இடம். அதே குடிலில் பல் மருத்துவர் ஒருவர் நாற்காலி போட்டிருந்தால் கதை வேறு.

இப்படி ஆளைவிட வாசலைப் பார்க்கும் அணுகுமுறை இங்கிலாந்து அதிகாரிகள் கண்டுபிடித்ததல்ல. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத மதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், 'பாபா பத்ரா' என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயம் இதையே எடுத்துப் பேசுகிறது. அன்றைய பாலஸ்தீன ஊர்களில் பல வீடுகள் ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்கும். அந்த முற்றத்தில் ஒருவர் கடை திறந்தால், வருவோர் போவோர் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று அண்டை வீட்டார் தடுக்கலாம். ஆனால் ஒருவர் வீட்டுக்குள்ளேயே பாத்திரம் பண்டங்கள் செய்து, சந்தைக்குக் கொண்டுபோய் விற்கலாம். அவருடைய சுத்தியல் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று யாரும் வழக்காட முடியாது. திரிகைச் சத்தத்துக்கும் பிள்ளைகள் போடும் சத்தத்துக்கும் அதே விதிதான்.

சத்தத்தை அளந்து பார்த்தால் இது விசித்திரமான தீர்ப்பு. சுத்தியலை விடவா நாலு வாடிக்கையாளர்கள் அதிகம் சத்தம் போட்டுவிடுவார்கள்? சத்தத்தின் அளவு இங்கே முதல் கவலை இல்லை என்று தோன்றுகிறது. வீட்டுக்காரர் உழைத்துப் பிழைப்பது வீட்டு வாழ்க்கையின் ஒரு பகுதி. அதைப் பொறுத்துக்கொள்வது சேர்ந்து வாழ்வதன் விலை. ஊரார் யாவரும் வந்துபோகும்படி முற்றத்தைத் திறந்துவிட்டால், பொதுவான முற்றத்தை ஒருவர் தன் தொழிலுக்காகத் தெருவாக்கிவிடுகிறார். அதற்கு மற்றவர் சம்மதம் தேவை. இதே பகுதிக்கு எழுந்த தால்மூத் விளக்கம் இன்னும் ஒரு படி போகிறது. முற்றத்தில் குடியிருப்பவர் மருத்துவராகவோ, இரத்தம் எடுப்பவராகவோ, நெசவாளராகவோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவராகவோ தொழில் தொடங்க நினைத்தால் மற்றவர்கள் தடுக்கலாம் என்கிறது. பிள்ளைகளின் சத்தத்தைத் தடுக்க முடியாது என்ற விதியோடு இது மோதுவது உரையாசிரியர்களுக்கே தெரிந்திருந்தது. வேதம் கற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள். ஊர்தோறும் ஆசிரியர் அமர்த்த வேண்டும் என்று யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு செய்த ஏற்பாட்டை அதற்கு ஆதாரம் காட்டினார்கள். பொது நன்மை பெரிதாக இருந்தால் அண்டை வீட்டாரின் மறுப்பு செல்லாது என்ற கொள்கை அந்த விலக்கில் இருக்கிறது. இன்றைய கவுன்சில்களும் குழந்தைகள் காப்பகம் போன்ற விண்ணப்பங்களில் இதே எடையைத்தான் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மிஷ்னாவின் மற்றொரு விதியும் கவனத்துக்கு உரியது. அடுத்தவரின் பண்டகசாலைக்குக் கீழே ரொட்டி அடுப்போ, சாயக் கூடமோ, மாட்டுத் தொழுவமோ வைக்கக் கூடாது. மேலே இருப்பது திராட்சை மது என்றால் அடுப்புக்கும் சாயக் கூடத்துக்கும் அனுமதி உண்டு; தொழுவத்துக்கு அப்போதும் இல்லை. அந்தச் சூடு மதுவைக் கெடுப்பதில்லை, தொழுவத்து வாடை கெடுத்துவிடும். தொழிலின் பெயரைப் பட்டியலிட்டுத் தடை செய்யாமல், இந்த இடத்தில் இந்தத் தொழில் இந்த அண்டை வீட்டாருக்கு என்ன செய்யும் என்று பார்க்கும் பழக்கம் இது. இஸ்லாமிய மரபிலும், தீங்கு செய்யலாகாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற நபிமொழி அண்டை வீட்டார் வழக்குகளுக்கு அடிப்படையாக நின்றது. ஓட்டோமான் பேரரசின் சிவில் சட்டத் தொகுப்பான மெஜெல்லே அதைத் தன் பொது விதிகளில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் பின்னணியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில், நிலம் இறைவனுடையது, மனிதர்கள் அதில் தங்கிப்போகும் அந்நியர்கள் என்ற கருத்து வருகிறது. முழு உடைமை மனிதனுக்கு முதலிலிருந்தே கிடையாது என்று கொண்டுவிட்டால், அனுமதி கேட்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் இதற்கு நேர்மாறான பெருமிதத்தோடு வளர்ந்தது. வீடு அதன் சொந்தக்காரருக்குக் கோட்டை என்ற கருத்து 1604-ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கோடு வேரூன்றியது. 1760-களில் எழுதிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன், சொத்துரிமையை மற்ற எவரையும் விலக்கி ஒருவர் செலுத்தும் தனி ஆட்சியாக வருணித்தார். நடைமுறை ஒருபோதும் அப்படி இருந்ததில்லை. செமெய்ன் வழக்குக்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1610-இல், தன் வீட்டருகே பன்றிக் கொட்டில் கட்டியவர் மீது ஆல்ட்ரெட் என்பவர் தொடுத்த வழக்கில், அடுத்தவருக்குக் கேடு வராதபடியே தன் உடைமையை அனுபவிக்க வேண்டும் என்ற கோட்பாடு நிலைபெற்றது. கோட்டைக்கும் கொட்டிலுக்கும் இடையிலான இந்த இழுபறி இன்றுவரை ஓயவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் சட்டத் தத்துவவாதி ஆனரே, உடைமை என்பது ஒற்றைப் பொருள் அல்ல, வைத்திருத்தல், பயன்படுத்துதல், வருமானம் பெறுதல், விற்றல் எனப் பல கூறுகளின் தொகுதி என்று 1961-இல் எழுதினார். கேடு விளைவிக்காமல் இருக்கும் கடமையையும் அந்தக் கூறுகளில் ஒன்றாகவே அவர் வைத்தார். கட்டுப்பாடு உடைமைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று அல்ல என்பது இதன் சாரம்.

1947-இல் லூயிஸ் சில்கின் அமைச்சராக இருந்தபோது வந்த திட்டச் சட்டம் இந்தக் கருத்தை நாடளாவிய ஏற்பாடாக்கியது. 1948 ஜூலை 1 முதல், நிலத்தை வைத்திருக்கலாம், இருக்கிறபடி அனுபவிக்கலாம். அதை வேறொன்றாக வளர்க்கும் உரிமை மட்டும் அரசின் கைக்குப் போனது. இழந்த மதிப்புக்கு ஈடாக 30 கோடி பவுண்டு நிதி ஒதுக்கினார்கள். அனுமதியால் கூடும் மதிப்பு முழுவதையும் கட்டணமாக வசூலித்தார்கள். அந்தக் கட்டணம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. அனுமதி முறை நிலைத்துவிட்டது. பொருளியலாளர் ஹயெக் 1960-இல் வெளியிட்ட தன் நூலில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். நகரத்தில் ஒருவர் நிலத்தில் நடப்பது அடுத்தவரைப் பாதிக்கும் என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் பொது விதிகளை விட்டுவிட்டு ஒவ்வொரு முடிவையும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடுவது ஆபத்து என்பது அவர் வாதம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆல்ட்ரெட் கேட்டது நடந்த கேட்டுக்குப் பரிகாரம்; கவுன்சில் கேட்பதோ இன்னும் நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டிய விளக்கம். முன்தடை எப்போதும் கனமான ஆயுதம். பாதி நியாயம் என்று சொல்வதற்குக் காரணம், வழக்காடும் வசதி இல்லாத அண்டை வீட்டாருக்குப் பின்னால் வரும் பரிகாரம் பெரும்பாலும் வராமலே போய்விடுவதுதான்.

தத்துவவாதிகளான லாக்கையும் மில்லையும் இந்த வழக்குக்குச் சாட்சியாக இழுப்பவர்கள் உண்டு. உழைப்பைக் கலந்தவருக்குப் பொருள் சொந்தம் என்ற லாக்கின் வாதம் யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தைப் பற்றியது. வேலிக்கு வேலி நெருங்கி நிற்கும் புறநகர் மனையில் அது அவ்வளவாக உதவாது. 1859-இல் மில் எழுதிய நூல் கூடுதலாக உதவுகிறது. தன்னை மட்டும் பாதிக்கும் செயலில் சமூகம் தலையிடக் கூடாது என்ற அவரே, பொதுமக்களுக்கு விற்பனை செய்வது சமூகச் செயல் என்றும், அது கொள்கையளவில் சமூகத்தின் பார்வைக்கு உட்பட்டது என்றும் ஒப்புக்கொண்டார். கொட்டகையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது முதல் வகை. அங்கே கணக்குக் காட்ட நாள் முழுவதும் ஆட்கள் வந்துகொண்டிருப்பது இரண்டாம் வகை.

இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதான் உண்மையான சிக்கல். வாரத்துக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தால் பரவாயில்லை. இரண்டு பேர்? நாளுக்கு ஐந்து பேர்? எந்த ஓர் ஆளின் வருகையால் வீடு அலுவலகமானது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. பண்டைய கிரேக்கத் தத்துவவாதியான மிலேட்டஸ் ஊர் யூபுலிதீஸ் பெயரால் வழங்கும் மணற்குவியல் புதிர் இதுவே. ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் ஒரு நேரத்தில் குவியல் இல்லை. ஆங்கில நீதிமன்றங்கள் இந்தப் புதிரைத் தீர்க்க முயலவில்லை. இது உண்மை நிலையும் அளவும் சார்ந்த கேள்வி என்று சொல்லி ஒவ்வொரு வழக்கையும் தனியே பார்க்கின்றன. வேல்ஸில் ஒரு வீட்டில் 44 நாய்கள் வளர்ந்த வழக்கு 1990-ஐ ஒட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. விற்பனைக்கு அல்ல, ஆசைக்காகத்தான் வளர்க்கிறேன் என்பது உரிமையாளரின் நிலை. ஆறு நாய்களுக்கு மேல் கூடாது என்ற கவுன்சிலின் உத்தரவு நின்றது. வீட்டை அனுபவிக்கத் துணையானது எது என்பதை உரிமையாளரின் ஆசை மட்டும் முடிவு செய்யாது, நியாயமான பார்வையில் அது வீட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே தத்துவக் காரணம் எதுவும் இல்லை. எங்கோ ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1972-இல் பர்டில் வழக்கில் தெளிவான இன்னொரு அளவுகோல் கிடைத்தது. மனை முழுவதும் ஒரே பயன்பாட்டுக்கு உட்பட்ட ஒரே அலகா, அல்லது ஒரு பகுதி தனக்கென்று தனிப் பயன்பாடு கொண்டு பிரிந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரரின் கொட்டகையை வெளியாள் ஒருவர் வாடகைக்கு எடுத்துத் தனி வாசல் வழியே வந்துபோனால், அது இனி வீட்டின் கொட்டகை அல்ல. ஒரு மேசை, ஒரு கணினி என்று வேலை எவ்வளவு அமைதியாக நடந்தாலும் சரி.

வீடும் வேலையும் வெவ்வேறு இடங்களில் இருப்பதே இயற்கை என்ற எண்ணம் சட்டத்துக்குள் ஒளிந்திருப்பதையும் சொல்ல வேண்டும். அந்த எண்ணத்துக்கு வயது அதிகமில்லை. யார்க்ஷையரின் கோல்ன் பள்ளத்தாக்கில் கோல்கர் போன்ற ஊர்களில் பழைய நெசவாளர் வீடுகள் இன்னும் நிற்கின்றன. மேல்மாடியில் கல்சட்டம் இட்ட ஜன்னல்கள் வரிசையாக ஓடும்; தறிக்கு வெளிச்சம் வேண்டுமே. கீழே குடும்பம், மேலே தறி. ஆலைகள் வந்த பிறகே வேலை வீட்டை விட்டு வெளியேறியது. அதன் பின் 1909-இல் முதல் நகரத் திட்டச் சட்டம் வந்தது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1958-இல் எழுதியபோது, பழைய கிரேக்கர்களுக்குப் பிழைப்புக்கான உழைப்பின் இடமே வீடுதான், பொதுவெளி வேறு என்று நினைவூட்டினார். அந்தப் பிரிவினைப்படி பார்த்தால் தோட்டத்து அலுவலகம் வீட்டுக்குள் நுழைந்த அந்நியன் அல்ல, திரும்பி வந்த உறவினன். 2020-இல் கொரோனா கட்டுப்பாடுகள் லட்சக்கணக்கானவர்களைப் படுக்கையறையிலும் கொட்டகையிலும் உட்காரவைத்தபோது அண்டை வீட்டார் முறையிட அதில் அதிகம் இல்லை. வாசலுக்கு யாரும் வரவில்லை அல்லவா?

காலம் இந்தக் கேள்வியில் ஒரு தனி முடிச்சு. அனுமதி இல்லாமல் மாற்றிய பயன்பாடு பத்து ஆண்டுகள் தடையின்றி நீடித்தால் கவுன்சில் பிறகு நடவடிக்கை எடுக்க முடியாது. கட்டுமானத்துக்கு இருந்த நான்காண்டு வரம்பும் 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் பத்தாகிவிட்டது. தவறு பழகிப்போனால் உரிமையாவது எப்படி? பத்து ஆண்டுகள் யாரையும் உறுத்தாத ஒன்றைக் கேடு என்று சொல்வது கடினம் என்பது ஒரு நியாயம். ஒளித்துவைத்தால் உறுத்தவே வழியில்லையே என்பது எதிர்க்கேள்வி. வைக்கோல் கொட்டகை கட்ட அனுமதி வாங்கிய ஒருவர், வெளியே அசல் கொட்டகையாகவும் உள்ளே முழு வீடாகவும் கட்டி நான்கு ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று சான்றிதழ் கேட்டார். வெலின் ஹாட்ஃபீல்ட் கவுன்சில் நடத்திய அந்த வழக்கில், தன் ஏமாற்றிலிருந்து ஒருவர் ஆதாயம் அடைய முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறதிக்கு மன்னிப்பு உண்டு, வேஷத்துக்கு இல்லை என்ற இந்த வேறுபாடு சரியானதே. அண்டை வீட்டாருக்குப் பார்த்து ஆட்சேபிக்கும் வாய்ப்பு இருந்திருந்தால்தான் அவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியும்.

வரித்துறை இதே கொட்டகையை வேறு கண்ணால் பார்க்கிறது. வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரிவிலக்கு, தொழிலுக்கு மட்டுமே என்று ஒதுக்கிய பகுதிக்குக் கிடைப்பதில்லை. திட்டச் சட்டம் இடம் முதன்மையாக வீடா என்று கேட்கும். வரிச் சட்டம் அறை முழுக்கத் தொழிலா என்று கேட்கும். ஒரே கொட்டகை ஒருவருக்கு வீட்டின் பகுதியாகவும் இன்னொருவருக்குத் தொழிலிடமாகவும் இருக்கலாம். இதில் முரண்பாடு இல்லை. கேட்பவரின் அக்கறை வேறு, ஆகவே பதிலும் வேறு.

மொத்தத்தில், ஆள் வராத அலுவலகத்துக்கு அனுமதி கேட்காமல் விடுவதும், வாசல் ஊருக்குத் திறக்கும்போது கேட்பதும் நியாயமான ஏற்பாடு. கோடு மங்கலாக இருப்பது அதன் குறை. ஆனால் எண் போட்டுத் தெளிவாக்கினால், கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரை வதைப்பவருக்குத்தான் வசதி. மங்கலுக்கு மருந்தாகச் சட்டம் 192-ஆம் பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது. செய்யப்போவது இன்னது என்று கவுன்சிலுக்கு எழுதி, அதற்கு அனுமதி தேவையில்லை என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்; மறுத்தால் மேல்முறையீடு உண்டு. வீட்டின் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது. லண்டனின் லெஸ்டர் சதுக்கத் தோட்டம் பற்றிய 1848-ஆம் ஆண்டின் டல்க், மாக்ஸ்ஹே வழக்கிலிருந்து, நிலத்தில் இன்னது செய்வதில்லை என்று முந்தைய சொந்தக்காரர் கொடுத்த வாக்குறுதி, அதை அறிந்து வாங்குபவரையும் கட்டும் என்பது சட்டம். மனையில் தொழில் நடத்தக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், கவுன்சிலின் சான்றிதழ் அதை நீக்காது.